டாக் கருவிகளுக்குக் குரல் வந்த கதை

ஹை-எண்ட் ஆடியோ ரசிகர்கள் இரண்டு பேர் பேசிக்கொள்வதைப் பக்கத்தில் நின்று கேட்டால் சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். "இது கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கு", "அது ரொம்ப வறட்சி", "மேல் ஸ்தாயி கண்ணாடித்தூள் மாதிரி குத்துது"... ஸ்பீக்கரைப் பற்றி என்றால்கூடப் புரிந்துகொள்ளலாம். ஆனால் இவர்கள் பேசுவது டாக் பற்றி. அதாவது டிஜிட்டல் டு அனலாக் கன்வர்ட்டர். சிடியிலோ கம்ப்யூட்டரிலோ வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டை மின்னழுத்தமாக மாற்றிக் கொடுக்கும் கருவி.

எண் உள்ளே போகிறது, மின்னழுத்தம் வெளியே வருகிறது. இதில் வெதுவெதுப்பு எங்கிருந்து வரும்? இரண்டு கால்குலேட்டரில் ஒரே கணக்கைக் கூட்டினால் ஒன்றில் விடை இனிப்பாகவும் ஒன்றில் கசப்பாகவுமா வருகிறது? பி.காம். படிக்கிற என் மூளைக்கு முதலில் இப்படித்தான் தோன்றியது. இந்தக் கருவிகள் சிலவற்றின் விலை பல லட்சம் ரூபாய் என்று தெரிந்தபோது கேள்வி இன்னும் கூர்மையானது. அந்தப் பணம் கொடுப்பவர் உண்மையில் எதை வாங்குகிறார்?

பழைய கதையைத் தோண்டிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. புகழ்பெற்ற "ஒலிக்குணங்கள்" பலவும் யாரோ ஒரு இசைமேதை திட்டமிட்டு உண்டாக்கியவை அல்ல. அந்தந்தக் காலத்தில் எதைச் செய்ய முடிந்தது, எதைச் செய்ய முடியவில்லை, எது மலிவாக முடிந்தது என்பதிலிருந்து பிறந்தவை. பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

முதலில் டாக் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். மளிகைக்கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். சிடியில் ஒவ்வொரு எண்ணும் 16 பிட். அப்படியென்றால் 16 எடைக்கற்கள்: 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய்க் கடைசிக் கல் 32,768. இவற்றை வைத்து 0 முதல் 65,535 வரை எந்த எடையையும் நிறுக்கலாம். வினாடிக்கு 44,100 முறை, இரண்டு சேனலுக்கும் நிறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே? பெரிய கல்லில் 0.01 சதவீதம் பிசகு இருந்தால் அந்தப் பிசகு மட்டுமே மூன்று சின்னக் கற்களுக்கு மேல் எடை. பிறகு சின்னக் கல் இருந்தும் பயனில்லை. இன்னொரு வேடிக்கை: அலை மேலும் கீழும் போகிறது அல்லவா, அதனால் மௌனம் என்பது தராசின் நடுவில் இருக்கிறது. 32,767-இலிருந்து 32,768-க்குப் போக வேண்டுமானால் பதினைந்து கற்களையும் எடுத்துவிட்டுப் பெரிய கல்லை வைக்க வேண்டும். ஆக, கல் சரியில்லாத குறை சத்தமான இடத்தைவிட மெல்லிய இடத்தில்தான் அதிகம் உறுத்தும்.

1982 அக்டோபரில் சோனியின் சிடிபி-101 ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதில் 16 பிட் டாக் இருந்தது, ஆனால் ஒன்றே ஒன்று! இடது சேனலுக்கு ஒருமுறை, வலது சேனலுக்கு ஒருமுறை என்று மாறி மாறி நிறுத்தது. இதனால் இரண்டு சேனலுக்கும் இடையே சுமார் 11 மைக்ரோ வினாடி இடைவெளி. கேட்க பயங்கரமாக இருக்கிறதா? அந்த நேரத்தில் ஒலி காற்றில் 4 மில்லிமீட்டர்கூடப் போகாது. நாற்காலியில் லேசாகத் தலையைச் சாய்த்தால் இதைவிட அதிக வித்தியாசம் வரும். இருந்தும் "டிஜிட்டல் என்றால் கரடுமுரடு" என்ற பேச்சு அன்றைக்கே கிளம்பிவிட்டது. அதற்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே சுவர் மாதிரி வெட்டும் அனலாக் ஃபில்டரும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. எல்பி ரெக்கார்டுக்காகத் தயாரித்த மாஸ்டர் நாடாக்களையே பல கம்பெனிகள் சிடிக்கும் போட்டதும் இன்னொரு காரணம். பழி மட்டும் கருவிக்கு.

ஃபிலிப்ஸ் கதை இன்னும் சுவாரசியம். நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரத்து ஃபிலிப்ஸ் பொறியாளர்கள் 14 பிட் போதும் என்று நினைத்து அதற்கான டிடிஏ 1540 என்ற சில்லையும் கையில் வைத்திருந்தார்கள். சோனியோ 16 பிட்தான் வேண்டும் என்று பிடிவாதம். சோனி ஜெயித்தது. ஃபிலிப்ஸ் கையிலோ 14 கல் தராசு!

அவர்கள் தராசைத் தூக்கிப் போடவில்லை. எண்களுக்கு இடையே புதிய எண்களைக் கணக்கிட்டு நுழைத்து, வினாடிக்கு 44,100 என்பதை நான்கு மடங்காக 1,76,400 ஆக்கினார்கள். ஒவ்வொரு நிறுவையிலும் விட்டுப்போன மிச்சத்தை அடுத்த நிறுவையில் சரிக்கட்டினார்கள். நாலு தடவை நிறுத்துச் சராசரி எடுப்பது மாதிரி. விட்டுப்போன இரண்டு பிட்டும் திரும்பக் கிடைத்தன. கூடவே ஒரு போனஸ்: சுவர் மாதிரியான அனலாக் ஃபில்டர் தேவையில்லாமல் போனது, மென்மையான ஃபில்டர் போதுமானது. "ஃபிலிப்ஸ் இனிமை, ஜப்பான் கறார்" என்று அப்போது எழுந்த பேச்சின் பின்னால் இருந்தது இந்தக் கட்டாயம்தான். இன்று ஓவர்சாம்ப்ளிங் இல்லாத டாக் அபூர்வம். பற்றாக்குறையைச் சமாளிக்கச் செய்த வேலை, உலகத்துக்கே வழக்கமாகிவிட்டது.

கற்களைத் துல்லியமாக்கவும் ஃபிலிப்ஸிடம் ஒரு வித்தை இருந்தது. ரூடி வான் டி பிளாஸ் என்ற பொறியாளர் 1976-இல் வெளியிட்டது. சமமாக இருக்க வேண்டிய இரண்டு கற்களை இடைவிடாமல் இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் பிசகு சராசரியில் அடிபட்டுப்போகும் என்பதே அதன் சாரம். இதே வழியில் 1985 வாக்கில் வந்ததுதான் 16 பிட் டிடிஏ 1541. பிறகு அதன் "ஏ" வடிவம். தொழிற்சாலையில் சோதித்து, நன்றாகத் தேறியவற்றின் தலையில் கிரீடம் அச்சிட்டார்கள். ஒரே அச்சில் வந்த சில்லுகளில் பொறுக்கி எடுத்த முதல் தரம், அவ்வளவுதான். இன்று அந்தக் கிரீடச் சில்லுக்கு இருக்கும் மவுசு, போலிச் சில்லுகள் சந்தையில் உலவும் அளவுக்கு! தயாரிப்பு நின்றுபோன பொருள், ரசிகர்கள் குறையவில்லை, விலை ஏறுகிறது. எங்கள் பொருளாதாரப் பாடத்தின் முதல் அத்தியாயம் :-)

அதே ஃபிலிப்ஸே 1980-களின் இறுதியில் பல கல் தராசை ஓரங்கட்டிவிட்டு "பிட்ஸ்ட்ரீம்" என்று ஒரே கல்லுக்கு மாறியது. மாட்சுஷிடாவின் "மாஷ்" முறையும் ஏறத்தாழ அதே காலம். ஒரே ஒரு கல்லை மிக மிக வேகமாக வைத்து எடுத்துச் சராசரியில் எடையைக் காட்டும் முறை இது. ஒரே கல் என்பதால் கல்லுக்குக் கல் ஒத்துப்போகிறதா என்ற கவலையே கிடையாது. சில்லும் மலிவு. இங்கே முடிவெடுத்தது காது மட்டுமல்ல, காஸ்ட் ஷீட்டும்தான். அமெரிக்காவின் பர்-பிரவுன் இன்னும் பல காலம் பல கல் முறையில் நின்றது. பிசிஎம் 63, அதன்பின் பிசிஎம் 1704 என்று மின்தடைகளை லேசரால் சீவிச் சீவிச் சரிசெய்து விற்றார்கள். 2000-இல் அந்தக் கம்பெனியை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கியது. பின்னாளில் பிசிஎம் 1704 தயாரிப்பும் நின்றது.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். 1996-97-இல் ரியோஹெய் குசுநோகி என்ற ஜப்பானியர் அங்குள்ள எம்ஜே என்ற ஆடியோ பத்திரிகையில் ஒரு கட்டுரைத் தொடர் எழுதினார். ஓவர்சாம்ப்ளிங்கே வேண்டாம், டிஜிட்டல் ஃபில்டரே வேண்டாம், எண்ணை அப்படியே நிறுத்து வெளியே விடுங்கள் என்றார். பதினைந்து வருடப் பொறியியலையும் தூக்கி ஓரமாக வை என்கிறார்! இதிலிருந்து ஒரு தனி மரபே கிளைத்தது. ஜப்பானில் 47 லேப்ஸ், இங்கிலாந்தில் ஆடியோ நோட் போன்றவை அந்த வழியில் போயின. கேட்டவர்கள் "வெதுவெதுப்பு", "மென்மை", "எல்பி மாதிரி" என்று உருகினார்கள்.

இங்கே மந்திரம் ஒன்றும் இல்லை, கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு எண்ணையும் அடுத்த எண் வரும்வரை அப்படியே பிடித்து வைத்தால் படிக்கட்டு மாதிரி அலை வரும். அப்படிப் பிடித்து வைப்பதாலேயே மேல் ஸ்தாயி குறையும். 44.1 கிலோஹெர்ட்ஸ் சிடிக்கு 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபல், 20 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபலுக்குச் சற்று மேல். அதாவது டிரெபிள் குமிழை லேசாகக் குறைத்த விளைவு. ஆக, "வெதுவெதுப்பு" பிரமை இல்லை, அளந்து காட்டலாம். ஆனால் அது பாட்டுக்குள் இருந்த எதையும் வெளியே கொண்டுவரவில்லை, கொஞ்சத்தைக் குறைத்தது. அது சிலருக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்கக் கூடாது என்று யார் சொல்ல முடியும்? லட்சக்கணக்கில் பணம் கொடுக்கும் முன் இது தெரிந்திருந்தால் நல்லது, அவ்வளவே.

சில்லு வாங்காமல் சொந்தமாகத் தராசு செய்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1987-இல் தொடங்கிய டிசிஎஸ், ராணுவ ரேடார் வேலைகளிலிருந்து இசைக்கு வந்த கம்பெனி. அவர்களின் ரிங் டாக்கில் கற்கள் எல்லாம் ஒரே எடை. எந்தக் கல்லை எப்போது எடுப்பது என்பது குலுக்கல் மாதிரி மாறிக்கொண்டே இருக்கும், எனவே ஒரு கல்லின் பிசகு இசையோடு சேர்ந்து ஒலிக்காமல் மெல்லிய இரைச்சலாகச் சிதறிவிடும். சோர்ட் கம்பெனிக்கு வடிவமைத்த ராப் வாட்ஸ் கவனித்தது ஃபில்டரை. இடைப்பட்ட ஒரு புள்ளியைக் கணக்கிட எத்தனை எண்களைப் பார்க்க வேண்டும்? அவரது 2015-ஆம் ஆண்டு டேவ் கருவியில் அந்த ஃபில்டரின் நீளம் 1,64,000. முன்னவர் கல்லைப் பார்த்தார், பின்னவர் கணக்கைப் பார்த்தார். டிசிஎஸ் "நிதானம்", சோர்ட் "வேகம்" என்றெல்லாம் எழுதுவார்கள். இவ்விரண்டின் குறைபாடுகளும் அளவுகோலில் மிக மிகச் சிறியவை. குசுநோகி வழி டாக்குக்குக் காட்டியது மாதிரி "இதோ இந்த 3 டெசிபல்" என்று விரலை வைத்துக் காட்ட இங்கே எதுவும் அகப்படவில்லை.

அப்படியானால் காது கேட்கிறதா, கண் கேட்கிறதா? 2007-இல் மேயர், மோரன் என்ற இருவர் பாஸ்டனில் நடத்திய சோதனையை வெளியிட்டார்கள். உயர்தர ரெக்கார்டிங்குகளை நேராக ஒருமுறை, நடுவில் சிடி தரத்துக்கு இறக்கி மறுபடி அனலாகாக மாற்றி ஒருமுறை, எது எது என்று சொல்லாமல் ஒலிக்கவிட்டார்கள். 554 முயற்சியில் சரியான விடை 276. காசைச் சுண்டிப் போட்டாலும் அதுதான் வரும். 2016-இல் ஜோஷுவா ரீஸ் இது மாதிரி 18 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், 12,500-க்கும் மேற்பட்ட முயற்சிகளில் 52.3 சதவீதம் சரி. சூனியம் இல்லை, பயிற்சி எடுத்தவர்களுக்கு இன்னும் மேலே போகிறது, ஆனால் வித்தியாசம் எவ்வளவு மெல்லியது பாருங்கள். இவை சிடி தரத்துக்கும் அதற்கு மேற்பட்டதற்கும் இடையிலான சோதனைகள், ஒரு டாக்கையும் இன்னொரு டாக்கையும் ஒப்பிட்டவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடையில் ஒப்பிடும்போது இன்னொரு பொறியும் இருக்கிறது. சிடி பிளேயருக்கு வழக்கமான வெளியீடு 2 வோல்ட். பக்கத்திலிருக்கும் டாக் 2.5 வோல்ட் கொடுத்தால் அது கிட்டத்தட்ட 2 டெசிபல் சத்தம் அதிகம். அதை நாம் "சத்தம் அதிகம்" என்று உணர மாட்டோம், "உயிரோட்டம் அதிகம்" என்று உணர்வோம். வால்யூமை அளந்து சமப்படுத்தாமல் எழுதிய விமர்சனத்தில் எத்தனை பெயரடைகள் இந்த அரை வோல்ட்டுக்குச் சேர வேண்டியவையோ!

நிற்க. 2020 அக்டோபர் 20 அன்று ஜப்பானின் மியாசாகி மாகாணத்தில் நோபியோகா நகரத்து ஆசாஹி கசேய் சில்லுத் தொழிற்சாலை தீப்பிடித்தது. மூன்று நாளுக்கு மேல் எரிந்தது. ஏகேஎம் என்ற பெயரில் வரும் டாக் சில்லுகள் உருவான இடம் அது. அந்தக் கம்பெனி தன் உயர்தர வரிசைக்கே "வெல்வெட் சவுண்ட்" என்று பெயர் வைத்திருந்தது. போட்டியாளரான அமெரிக்க ஈஎஸ்எஸ்ஸின் சேபர் சில்லுகளுக்கு "துல்லியம், ஆனால் கண் கூசுகிற மாதிரி" என்று ரசிகர்கள் மத்தியில் பெயர். வெல்வெட்டா, வாளா என்று பக்கம் பக்கமாகச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

தீக்குப் பிறகு வெல்வெட் கிடைக்கவில்லை. தயாரிப்பாளர்கள் என்ன செய்வார்கள்? வாளுக்கு மாறினார்கள். ஏகே 4499 சில்லோடு வந்த டாப்பிங் டி90, 2021-இல் ஈஎஸ் 9038 ப்ரோ சில்லோடு டி90எஸ்இ ஆனது. ஃபியோ கம்பெனி எம்11 பிளஸ் என்ற ஒரே பெயரில் ஏகேஎம் வடிவம் ஒன்று, ஈஎஸ்எஸ் வடிவம் ஒன்று என்று விற்றது. நேற்றுவரை விளம்பரத்தில் சில்லின் பெயரே பெரிய எழுத்து. சில்லு கைவிட்டுப் போனதும் "சில்லில் என்ன இருக்கிறது, சுற்றியிருக்கும் மின்சுற்றும் மின்வழங்கியும் ஃபில்டரும்தான் ஒலியைத் தீர்மானிக்கின்றன" என்ற பேச்சு மேலே வந்தது. வேடிக்கை என்னவென்றால், பொறியாளர்கள் பலர் இதைப் பல வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தீப்பிடித்த பிறகுதான் விற்பனைப் பிரிவு அதைக் கேட்டது.

ஏகேஎம் பின்னர் மீண்டது. டிஜிட்டல் கணக்கை ஏகே 4191 என்ற ஒரு சில்லிலும், அனலாக் வேலையை ஏகே 4499இஎக்ஸ் என்ற இன்னொன்றிலும் பிரித்து வைத்துத் திரும்பி வந்தது. இதற்கிடையே யாருடைய சில்லும் வேண்டாம் என்று தனித்தனி மின்தடைகளை வரிசையாகச் சாலிடர் செய்து பழைய பல கல் தராசைப் பலகையிலேயே கட்டும் வழக்கமும் வேரூன்றிவிட்டது. ஹோலோ ஆடியோ, டெனாஃப்ரிப்ஸ் போன்றவர்கள் செய்யும் கருவிகள் அவ்வகை. அவற்றில் ஓவர்சாம்ப்ளிங் வேண்டுமா வேண்டாமா என்று நாமே தேர்ந்தெடுக்க ஒரு பொத்தான் இருக்கிறது. கல் அதே கல், பெட்டி அதே பெட்டி. ஒருமுறை அழுத்தினால் 1982-இன் ஃபிலிப்ஸ் வழி, மறுமுறை அழுத்தினால் 1997-இன் குசுநோகி வழி. கடைக்குப் போனால் முதலில் அந்தப் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு நண்பனை அழுத்தச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். சிம்பல் சத்தம் நிறைய வரும் பாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள், அந்த 3 டெசிபல் ஒளிந்திருப்பது அங்கேதான்.