விண்ட்ஸர் லாட்

விண்ட்ஸர் லாட், அயர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்தின் பந்தயத் திடல்களில் ஓடி, நர்மதைக்கும் தபதிக்கும் இடையே இருந்த ராஜபிப்லா என்னும் இந்திய சமஸ்தானத்தின் பெயரை லண்டன் மாநகரத்தார் வாயெல்லாம் உச்சரிக்கும்படி செய்த பந்தயக் குதிரை. பதின்மூன்று முறை களத்தில் இறங்கிப் பத்து முறை முதலாவதாக வந்த இந்தக் குதிரை, 1934ஆம் ஆண்டில் எப்ஸம் டெர்பி, செயின்ட் லெஜர் ஆகிய இரண்டு பந்தயங்களையும் வென்றது. டெர்பியில் மூன்றாம் ஆகா கானின் குதிரைகள் ஐந்து முறை வென்றதுண்டு. ஆனால் அவர் ஒரு சமயப் பிரிவின் தலைவரேயன்றி நாடாண்டவர் அல்லர். முடி தரித்து நாடாண்ட இந்திய மன்னர்களில் அந்தப் பந்தயத்தை வென்றவர் ராஜபிப்லா மகாராஜா விஜயசிங்ஜி ஒருவரே.

குதிரையின் குலத்தைச் சொல்லாமல் அதன் வரலாற்றைச் சொல்வது வழக்கமில்லை. ‘தரோபிரெட்’ என்று உலகெங்கும் வழங்கும் பந்தய இனம் முழுவதும், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கீழ்த்திசை நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்ச்சேர்ந்த பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன் என்னும் மூன்று பொலிகுதிரைகளைத் தந்தைவழி மூலபுருஷர்களாகக் கொண்டது. கிண்டியில் ஓடும் குதிரையானாலும் கென்டக்கியில் ஓடும் குதிரையானாலும் அதன் வம்சாவளியைத் தந்தைவழியே பிடித்துக்கொண்டு மேலே போனால் இம்மூன்றில் ஒன்றில்தான் சென்று முட்ட வேண்டும். விண்ட்ஸர் லாடின் தந்தை பிளான்ட்ஃபோர்ட். டிரிகோ, பிளென்ஹைம், விண்ட்ஸர் லாட், பாராம் என்று 1929 முதல் 1935 வரையுள்ள ஏழு ஆண்டுகளில் நான்கு டெர்பி வீரர்களைப் பெற்ற அபூர்வமான பொலிகுதிரை அது. தாய் ரெஸ்ப்ளென்டென்ட், அயர்லாந்தின் ஓக்ஸ் பந்தயத்தை வென்ற பெண்குதிரை. டான் சல்லிவன் என்பவரின் பண்ணையில் 1931ஆம் ஆண்டில் பிறந்த இந்தச் செம்பழுப்புக் குட்டி ஒரு வயதில் ஏலத்துக்கு வந்தபோது, மகாராஜாவின் சார்பில் 1,300 கினிக்கு அதை வாங்கினார் மார்கஸ் மார்ஷ் என்னும் இளம் பயிற்சியாளர். குதிரை வாங்கிவரும்படி பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னைக் கோயிலுக்குச் செலவிட்ட வாதவூரரின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, பிறர் பொன்னைக் கொண்டு குதிரை வாங்கும் காரியம் எவ்வளவு நம்பிக்கையைப் பொறுத்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. மார்ஷ் அந்த நம்பிக்கையைப் பழுதில்லாமல் காப்பாற்றினார்.

விஜயசிங்ஜி 1890இல் பிறந்து 1915இல் பட்டத்துக்கு வந்தவர். குதிரைகளின்மீது அவருக்கிருந்த பிரேமை டெர்பியோடு ஆரம்பித்ததன்று. இந்திய டெர்பி என்று அக்காலத்தில் வழங்கிய பந்தயத்தை 1919இல் டிப்ஸ்டர் என்னும் குதிரையைக் கொண்டும், அயர்லாந்து டெர்பியை 1926இல் எம்பார்கோ என்னும் குதிரையைக் கொண்டும் அவர் முன்பே வென்றிருந்தார். கோடைக்காலங்களில் தங்குவதற்கென்று இங்கிலாந்தில் ஓல்ட் விண்ட்ஸர் என்னும் ஊரில் அவருக்கு ஒரு மாளிகை இருந்தது. விண்ட்ஸர் பையன் என்று பொருள்படும் குதிரையின் பெயர் அந்த ஊர் காரணமாக வந்ததே. ‘ராஜபிப்லா’ என்று சொல்ல நாக்கு வளையாத ஆங்கிலேயப் பாமரர்கள் ‘மிஸ்டர் பிப்’ என்று அவரைச் சுருக்கமாக அழைத்ததும், அதை அவர் குறையாக எண்ணாததும், பந்தயத் திடலில் அவருக்கிருந்த ஜனப்பிரியத்தைக் காட்டும்.

இந்தக் குதிரைக்கு வாய்த்த பயிற்சியாளரும் ஜாக்கியும் தனித்தனியே சரித்திரம் உடையவர்கள். மார்கஸ் மார்ஷின் தந்தை ரிச்சர்ட் மார்ஷ், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னராக முடிசூடிய வேல்ஸ் இளவரசருக்காக பெர்சிம்மன் என்னும் குதிரையைப் பழக்கி 1896ஆம் ஆண்டு டெர்பியை வாங்கிக் கொடுத்தவர். ஆதலால் லாயத்து வாசனை மகனுக்குப் பிறவியிலேயே வந்தது. ஜாக்கி சார்லி ஸ்மர்க்கின் கதை வேறு விதமானது. 1928ஆம் ஆண்டில் கேட்விக் திடலில், வெல்கம் கிஃப்ட் என்னும் குதிரையைப் புறப்படும் இடத்திலேயே வேண்டுமென்று பின்தங்க விட்டார் என்று குற்றம் சாட்டப்பட்டு, ஐந்து ஆண்டுகள் எந்தப் பந்தயத் திடலிலும் காலெடுத்து வைக்கக் கூடாது என்ற தண்டனைக்கு ஆளானவர் அவர். ஒரு ஜாக்கியின் யௌவனத்தில் ஐந்து ஆண்டுகள் என்பது ஏறக்குறைய அவனுடைய ஆயுள்தான். 1933இல் தண்டனை முடிந்து திரும்பிய ஸ்மர்க்குக்கு, மறு ஆண்டே டெர்பியில் ஏறுவதற்குக் கிடைத்த குதிரை விண்ட்ஸர் லாட்.

இரண்டு வயதில் மூன்று முறை ஓடிய இக்குதிரை, நியூமார்க்கெட்டில் நடந்த கிரைடீரியன் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் மட்டும் வென்றது. பிரமாதமான ஆரம்பம் என்று அதைச் சொல்வதற்கில்லை. 1934 வசந்தத்தில் செஸ்டர் வாஸ், நியூமார்க்கெட் ஸ்டேக்ஸ் ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து வென்றபோதுதான் விஷயம் அறிந்தவர்களின் பார்வை அதன்மேல் விழுந்தது. அப்போதும் ஜனங்களின் பார்வை முழுவதும் வேறொரு குதிரையின்மேல் இருந்தது. கார்டிஃப் நகரத்துக் கப்பல் முதலாளியான கிளான்லி பிரபுவுக்குச் சொந்தமான அந்தக் குதிரை, அதுவரை ஓடிய ஒன்பது பந்தயங்களிலும் தோல்வி என்பதையே அறியாமல், 2,000 கினிப் பந்தயத்தையும் வென்றுவிட்டு எப்ஸமுக்கு வந்திருந்தது. அதன் பெயர் நமக்குப் பக்கத்து நாட்டுப் பெருநகரின் பெயர்: கொழும்பு. இந்திய மன்னர் ஒருவரின் குதிரை கொழும்பை வெல்லப் போகிறது என்று அன்று காலை யாரேனும் சொல்லியிருந்தால், அதைப் பூகோளப் பாடத்தில் செய்த பிழை என்றே கேட்டவர்கள் எண்ணியிருப்பார்கள்.

எப்ஸம் டெர்பி 1780இல் ஆரம்பமானது. தூரம் ஒன்றரை மைல். மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம் என்பதும், எந்த மாதத்தில் பிறந்தாலும் குதிரைக்கு ஜனவரி முதல் தேதியில்தான் வயது ஏறும் என்பதும் விதியாதலால், ஒரு குதிரைக்குத் தன் ஆயுளில் இந்தப் பந்தயத்தில் ஓட ஒரே ஒரு நாள்தான் உண்டு. அதுவும் சமதளமான திடலன்று. லாட வடிவத்தில் வளைந்து, முற்பாதியில் மேடேறி, பிறகு டாட்டன்ஹாம் முனை என்ற திருப்பத்தை நோக்கிச் சரிந்து, கடைசி நேர்ப்பாதையிலும் உள்வேலிப் பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் தரை அது. ஓட்டக்காரன் சரிவில் வேகத்தை அடக்கி வைத்துக்கொள்ளாவிட்டால் திருப்பத்தில் குதிரை வெளியே வீசப்படும். அளவுக்கு மீறி அடக்கினாலோ முன்னே போகும் குதிரைகளுக்குப் பின்னால் வழியில்லாமல் அடைபட்டுவிடும்.

1934 ஜூன் 6ஆம் தேதி கொழும்புக்கு நடந்தது இந்த இரண்டாவது விபத்துத்தான். அதன்மேல் ஏறியிருந்த ரே ஜான்ஸ்டன் என்னும் ஆஸ்திரேலிய ஜாக்கி, உள்வேலியை ஒட்டி வருவதே குறுக்குவழி என்று எண்ணி அப்படியே வந்தார். அவருக்கு நேர் முன்னே ஓடிக்கொண்டிருந்தது மெடீவல் நைட். அதன்மேல் இருந்தவர், ஆறு டெர்பிகளை வென்று அந்தத் திடலின் ஒவ்வொரு புல்லையும் அறிந்த ஸ்டீவ் டோனஹ்யூ. சரிவு முடியும் இடத்தில் மெடீவல் நைட் களைத்துத் தளர்ந்தது. களைத்த குதிரை உள்வேலியை விட்டு விலகாது; விலக வேண்டும் என்ற சட்டமும் இல்லை. பின்னால் கொழும்பு நின்று நிதானிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சில விநாடிகளில் வெளிப்புறமாகத் திறந்த வழியில் விண்ட்ஸர் லாடைச் செலுத்திவிட்டார் ஸ்மர்க். ஜான்ஸ்டன் சுற்றி வளைத்து வெளியே வந்து துரத்தியபோது கொழும்பு பாய்ந்து வந்தது என்பது உண்மைதான். ஆனால் எல்லைக்கோடு அதற்காகக் காத்திருக்கவில்லை. கார்டன் ரிச்சர்ட்ஸ் ஏறியிருந்த ஈஸ்டன் ஒரு குதிரை நீளம் பின்தங்கி இரண்டாவதாகவும், அதற்கு ஒரு கழுத்தளவு பின்னால் கொழும்பு மூன்றாவதாகவும் வந்தன. காலம் 2 நிமிடம் 34 விநாடி. முந்தைய ஆண்டு ஹைபீரியன் ஏற்படுத்திய சாதனைக்குச் சமம். மணிக்கு 56 கிலோமீட்டர் என்று கணக்குக்கு வரும் அந்த வேகம், சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு நின்று நின்று போகும் மின்சார ரயிலின் சராசரி வேகத்தைக் காட்டிலும் கணிசமாக அதிகம் என்பதை அந்த ரயிலில் வேலைக்குப் போய்வருகிறவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி அரசியும் மகாராஜாவைத் தங்கள் இருக்கைக்கு வரவழைத்து வாழ்த்தினார்கள்.

கொழும்புக்கு வழி கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற விவாதம் அன்று மாலையே ஆரம்பமாகிவிட்டது. வென்ற குதிரைக்கு அதனால் நீதி கிடைக்கவில்லை என்பது இக்கட்டுரையாளனின் அபிப்பிராயம். குதிரைப் பந்தயம் அதிருஷ்டமா, சாமர்த்தியமா என்ற கேள்வி தமிழ்நாட்டில் நீதிமன்றம் வரைக்கும் போன ஒன்று. பந்தயச் சூதை ஒழிக்க 1974இலும், 1896 முதல் கிண்டியில் பந்தயம் நடத்திவந்த சென்னை ரேஸ் கிளப்பையே அரசுடைமையாக்க 1986இலும் மாநில அரசு சட்டங்கள் கொண்டுவந்தது. அவற்றை எதிர்த்த வழக்கை முடித்துவைத்த உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு தீர்ப்பில், குதிரையின் வம்சமும் பயிற்சியும் ஓட்டக்காரனின் திறமையும் சேர்ந்தே முடிவை நிர்ணயிப்பதால் இது பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டமே என்று கூறியது. எப்ஸமில் ஸ்மர்க் செய்ததைப் பார்த்தால் தீர்ப்பு சரிதான் என்று தோன்றும். ஆனால் அதே கோடையில் ஸான்டவுன் திடலில் நடந்த எக்லிப்ஸ் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் விண்ட்ஸர் லாடே குதிரைகளுக்கிடையில் அடைபட்டு, கிங் ஸால்மன், உமித்வார் ஆகியவற்றுக்குப் பின்னால் மூன்றாவதாக வந்தது. ஏறியிருந்தவர் அதே ஸ்மர்க். கொழும்புக்கு நேர்ந்தது ஒரு மாதம் கழித்து அதை வென்ற குதிரைக்கும் நேர்ந்தது. நீதிபதிகள் இந்த இரண்டு பந்தயங்களையும் பார்த்திருந்தால் தீர்ப்பை மாற்றியிருக்க மாட்டார்கள். அதை எழுத இன்னும் கொஞ்ச காலம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

மகாராஜா குதிரையை விற்றதும் அந்தக் கோடையில்தான். வாங்கியவர் மார்ட்டின் பென்ஸன்; டக்ளஸ் ஸ்டூவர்ட் என்ற வியாபாரப் பெயரில் பந்தயப் பணம் பிடித்துச் செல்வம் சேர்த்த புக்கி. விலை 50,000 பவுன், அதாவது வாங்கிய விலையைப் போல முப்பத்தாறு மடங்குக்கும் மேல். வியாபாரக் கண்ணால் பார்த்தால் இதைவிட நல்ல வரவு இல்லை. ஆனால் குதிரை தன் முழு வலிமையையும் காட்டியது அதற்குப் பிறகுதான். யார்க் திடலில் கிரேட் யார்க்ஷயர் ஸ்டேக்ஸையும், செப்டம்பரில் டான்காஸ்டரில் டெர்பியைவிட நீண்ட தூரமுடைய செயின்ட் லெஜரையும் வென்றது. லெஜரில் இரண்டாவதாக வந்தது டைபீரியஸ். கொழும்பு அதில் ஓடவே இல்லை. 1935இல் ஓடிய நான்கு பந்தயங்களில் விண்ட்ஸர் லாட் ஒன்றைக்கூட இழக்கவில்லை. எப்ஸமில் கொரொனேஷன் கோப்பையும், முந்தின ஆண்டு வழி மறிக்கப்பட்ட அதே எக்லிப்ஸ் ஸ்டேக்ஸும் அவற்றில் அடங்கும். அதே ஆண்டு, அதே பிளான்ட்ஃபோர்டின் புத்திரனான பாராம் 2,000 கினி, டெர்பி, செயின்ட் லெஜர் ஆகிய மூன்று மகா பந்தயங்களையும் தோல்வியின்றி வென்று, ஆகா கானின் லாயத்துக்குப் புகழ் சேர்த்துக்கொண்டிருந்தது. ஒரே தந்தைக்குப் பிறந்த இந்த இரண்டு குதிரைகளும் ஒரு தடவைகூட ஒன்றையொன்று எதிர்த்து ஓடவில்லை. ஓடியிருந்தால் யார் பக்கம் பணம் கட்டுவது என்று கேட்டால், நான்கு வயதின் முதிர்ச்சியுடைய விண்ட்ஸர் லாட் பக்கம் என்று சொல்வதில் இக்கட்டுரையாளனுக்குத் தயக்கமில்லை.

பொலிகுதிரையாக அதன் வாழ்க்கை துரதிருஷ்டமானது. ஓய்வு பெற்ற சில காலத்திலேயே மூக்குக்குழிகளில் பற்றிய நோய், சிகிச்சைகளுக்குக் கட்டுப்படாமல் வருஷக்கணக்காக நீடித்து வேதனை தந்தது. 50,000 பவுன் கொடுத்தவர் எதிர்பார்த்த வம்சவிருத்தி நடக்கவில்லை. அதே பென்ஸன் 1938இல் இத்தாலியிலிருந்து நியார்கோ என்னும் குதிரையை 60,000 பவுனுக்கு வாங்கினார். நியார்கோவின் ரத்தம் இன்று உலகில் ஓடும் குதிரைகளில் பெரும்பாலானவற்றின் வம்சாவளியில் கலந்திருக்கிறது. பென்ஸனுக்கு முதல் முறை தவறிய கணக்கு இரண்டாம் முறை வட்டியோடு தீர்ந்தது எனலாம். ஸ்மர்க் பின்னும் மூன்று டெர்பிகளை வென்றார். மார்ஷ் உலக யுத்தத்தில் விமானப்படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு மீண்டு, 1952இல் ஆகா கானின் துல்யாரைப் பழக்கி, அதே ஸ்மர்க்கை அதன்மேல் ஏற்றி மறுபடியும் டெர்பியை வென்றார். விஜயசிங்ஜி 1948இல் தம் சமஸ்தானத்தை இந்திய யூனியனோடு இணைத்துவிட்டு, 1951இல் இங்கிலாந்தில் காலமானார்.

விண்ட்ஸர் லாட் பெற்ற குட்டிகளில் குறிப்பிடத்தக்கது விண்ட்ஸர் ஸ்லிப்பர். 1939இல் பிறந்த அந்தக் குதிரை, தன் வாழ்நாளில் ஓடிய ஆறு பந்தயங்களிலும் வென்று, 1942இல் அயர்லாந்தின் மூன்று மகா பந்தயங்களையும் ஒருசேரப் பெற்றது. மறு ஆண்டில், நோயின் வேதனை தாளாத நிலையில், விண்ட்ஸர் லாட் கருணைக்கொலை செய்யப்பட்டது. அதற்கு அப்போது வயது பன்னிரண்டு.