கொரிந்தியர் காத்த கண்டன மடல்

கிளமெந்தின் பெயரால் வழங்கும் முதல் மடல், ஏறத்தாழ கி.பி. 96இல் உரோமைத் திருச்சபை கொரிந்துத் திருச்சபைக்கு விடுத்ததாகும். அவர்தம் பெயர் மடலினுள் இல்லை. குற்றமற்ற மூப்பர்களைப் பதவிநீக்கிய கொரிந்தியரை அது கடிகிறது. பொறாமையின் கேட்டைக் காயின் தொடங்கிப் பேதுரு, பவுல் காலம்வரை சான்றுகாட்டி விரிக்கிறது.

இத்தகைய மடலைக் கொரிந்தியர் மறைத்திருப்பினும் வியப்பில்லை. ஆயின் ஏறத்தாழ 170இல் கொரிந்து ஆயர் தியோனிசியு, உரோமை ஆயர் சொத்தேருக்கு எழுதுகையில், ஞாயிறு வழிபாட்டில் தம் சபையார் அதனை வாசித்துவருவதைக் குறிப்பிடுகிறார். இச்செய்தியை யூசேபியுவின் திருச்சபை வரலாறு காத்துத் தந்துள்ளது. தொடக்ககாலத் திருமுகங்களைக் கோட்பாட்டுச் சான்றுகளாக மட்டுமே ஆராய்வோர் இவ்வழக்கினைப் போதிய அளவு கருதுவதில்லை. முன்னோர் பிழையைச் செவியுறுதல் அச்சபையின் வழிபாட்டிலேயே இடம்பெற்றிருந்தது. 5ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரியச் சுவடியில் இம்மடல் புதிய ஏற்பாட்டு நூல்களை அடுத்து எழுதப்பட்டுள்ளது.