செவிவழிக் கல்வியும் இசைக்குறிப்பும்: நார்வே நாட்டார் ஃபிடில் மெட்டுகளை முன்வைத்து

நார்வேயின் நாட்டார் ஃபிடில் மெட்டுகளான ‘ஸ்லோட்’கள் தலைமுறை தலைமுறையாகச் செவிவழியே கற்கப்பட்டவை. இசைக்குறிப்பு அறியாத காலத்துக் கட்டாயம் அது, அச்சு நூல்கள் வந்தபின் தேவையற்றது எனக் கருதத் தோன்றும். ஆனால் இம்மெட்டுகளின் அமைப்பே செவிவழிக் கல்வியை வேண்டி நிற்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதற்சான்று காலக்கணக்கு. ‘ஸ்பிரிங்கார்’ மூன்று தட்டுகள் கொண்ட ஆடல் மெட்டு. தெலமார்க் வட்டாரத்தில் அம்மூன்றும் சம அளவுடையன அல்ல. மூன்றாவது குறுகி ஒலிக்கும். வால்ட்ரஸ் வட்டாரத்திலோ முதல் தட்டு குறுகி, இரண்டாவது நீளும். இந்த அளவுகள் வாசிப்பின் போக்கில் நெகிழவும் செய்யும். ஆடுவோரின் எழுச்சியும் தாழ்ச்சியும், வாசிப்பவரின் காலடித் தட்டலுமே அவற்றைக் கட்டிக் காக்கின்றன.

அடுத்தது உருவம். பல ஸ்லோட்கள் சிறு சுரக்கோவைகளால் ஆனவை. ஒவ்வொரு கோவையும் இரண்டு மூன்று முறை திரும்பும். திரும்பும்போது அழகசைவோ வில்லோட்டமோ சற்றே மாறும். எங்கே மாற்றலாம், எங்கே மாற்றலாகாது என்னும் எல்லையை ஒரே மெட்டைப் பலமுறை கேட்டவரே உணர்வர். இம்மெட்டுகள் பல வாசிக்கப்படும் ஹார்டாங்கர் ஃபிடிலில் நான்கு மேல்தந்திகளோடு, வில் படாமலே அதிரும் நான்கைந்து கீழ்த்தந்திகளும் உண்டு. சுருதி கூட்டும் முறைகள் இருபதுக்கும் மேல். சுருதி மாறினால் கருவியின் ஒலிநிறமே மாறிவிடும்; அதையும் கேட்டே அறிய வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மில்லர்குட்டன் (1801–1872) என்னும் பெருங்கலைஞரிடம் பயின்ற தெலமார்க் ஃபிடில் கலைஞர் க்னூட் டாலெ, தம் மெட்டுகள் தம்மோடு அழியுமோ என அஞ்சி, அவற்றைப் பதிவுசெய்யுமாறு இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கை வேண்டினார். 1901இல் வயலின் கலைஞர் யோஹான் ஹால்வோர்சன், டாலெ வாசிக்கக் கேட்டு 17 மெட்டுகளை இசைக்குறிப்பில் எழுதினார். கிரீக் அவற்றைப் பியானோவுக்கு அமைத்தது 1903இல் வெளிவந்தது. மரபின் வாரிசே எழுத்தை நாடியிருக்க, அதை எப்படி இரண்டாமிடத்தில் வைப்பது?

டாலெயின் அச்சம் நியாயமானது. ஹால்வோர்சனின் பணி போற்றத்தக்கது. ஆனால் அவர் தாளில் ஸ்பிரிங்கார் சமமான 3/4 அளவில் நிற்கிறது. சுரங்கள் பிழைத்தன, தெலமார்க்கின் தட்டு அங்கே இல்லை. அத்தட்டைக் கொண்டுசென்றவர்கள், டாலெயின் பேரன் யோஹானஸ் டாலெ போன்ற கலைஞர்கள். தெலமார்க் வாசிப்பைக் கேட்டுப் பழகியவரின் கையில் அந்தத் தாள் மீண்டும் ஆடல் மெட்டாகிறது. கேளாதவர் கையில் அது வேறோர் இசை.

ஆகவே கற்கும் வரிசை முக்கியம். முதலில் ஆட்டமும் காலடியும். பின்பு வில்லோட்டத்தோடு ஒவ்வொரு கோவையாகக் கேட்டல். அதன்பின் முழு மெட்டு. நினைவைச் சரிபார்க்க இறுதியில் இசைக்குறிப்பு. 1958 முதல் 1981 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்த ஹார்டாங்கர் மெட்டுத் தொகுப்பு விலைமதிப்பற்ற செல்வம். அச்செல்வம் பயன்பட வேண்டுமானால், அதைப் படிக்கத் தெரிந்த செவிகளை வளர்க்கும் ஆசான்களுக்கும் ஆடற்களங்களுக்கும் நூலகங்களுக்கு இணையான ஆதரவு வேண்டும்.