வெறோனா மரணப் பதிவுகளும் கருப்பைப் புற்றுநோயும்

1842ஆம் ஆண்டில் டொமெனிக்கோ றிகோனி-ஸ்ரேர்ண் என்னும் இத்தாலிய மருத்துவர், வெறோனா நகரின் மரணப் பதிவுகளை ஆராய்ந்து கட்டுரையொன்றை வெளியிட்டார். 1760 முதல் 1839 வரை அந்நகரிற் புற்றுநோயால் இறந்தோரை அவர் வயது, பால், மணநிலை என்பவற்றின்படி வகுத்து நோக்கினார். கருப்பைப் புற்றுநோய் மணமான பெண்களிடத்தும் விதவையரிடத்தும் மிகுந்தும், மணமாகாதோரிடத்தும் கன்னியாஸ்திரிகளிடத்தும் அருகியும் காணப்பட்டது. மார்பகப் புற்றுநோயோ கன்னியாஸ்திரிகளிடையே மிகுந்திருந்தது. பின்னைய செய்தி முற்றிலும் புதியதன்று; தொழில்வழி நோய்கள் பற்றிய தமது நூலில் பெர்னார்டினோ றமற்சினி அதனை முன்னரே குறித்திருந்தார்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பாலுறவோடு தொடர்புடையது என்பதற்கு முதற் சான்றாக இக்கட்டுரையைப் பிற்காலத்தார் பலர் போற்றுவர். ஹரல்ட் சூர் ஹவுசன் குழுவினர் 1983, 1984ஆம் ஆண்டுகளில் மனிதப் பப்பிலோமா வைரசின் 16ஆம், 18ஆம் வகைகளை அந்நோய்க் கட்டிகளில் இனங்கண்டபின் அப்புகழ் மேலும் ஓங்கியது. ஆயினும் பதிவுகள் உண்மையில் யாது கூறின என்பது வினவற்பாலது.

அவர் எண்ணியது 'கருப்பை' என்னும் பொதுத் தலைப்பின்கீழ் அமைந்த இறப்புகளையே. கழுத்துப் பகுதியா, உடற்பகுதியா என்ற பாகுபாடு ஆங்கில்லை. இன்றைய அறிவின்படி இவை இருவேறு நோய்கள். முன்னையது பெரிதும் வைரசுத் தொற்றின் விளைவு. பின்னையதற்கு உடற்பருமனும், புரொஜெஸ்திரோனால் ஈடுசெய்யப்படாத ஈஸ்திரஜனும் முக்கிய ஏதுக்கள். ஈஸ்திரஜன் மாத்திரைகளை உட்கொண்டோரிடையே அது பெருகியமையை 1975இல் அமெரிக்க ஆய்வுகள் காட்டின. மகப்பேறின்மையும் அந்நோய்க்கு ஓர் ஏது. எனவே கன்னி மடத்து வாழ்வு ஒன்றிற்குக் காப்பாகவும் மற்றதற்கு வாய்ப்பாகவும் அமைந்தது. எதிரெதிரான இவ்விரு போக்குகளும் வெறோனாவில் ஒரே எண்ணுள் அடங்கிவிட்டன. மொத்த எண் மடத்தாரிடையே குறைந்திருந்தமையால் அந்நகரிற் கழுத்துப் புற்றுநோயே மிகுந்திருக்கலாம் என ஊகிக்கலாம். அது நம் ஊகமேயன்றிப் பதிவின் கூற்றன்று.

வேறோர் இடரும் உண்டு. அந்த எண்பது ஆண்டுகளுள் வெறோனா வெனிசுக் குடியரசு, நெப்போலியன் ஆட்சி, ஒஸ்திரிய ஆட்சி என மூன்று ஆட்சிகளைக் கண்டது. 1810இல் நெப்போலியனின் இத்தாலிய இராச்சியம் துறவற மடங்களை மூடிற்று. மடத்தை விட்டு வெளியேறிய ஒருத்தி ஆண்டுகள் பல கழித்து இறந்தபோது, பதிவேட்டில் அவளைக் கன்னியாஸ்திரி என எழுதினரா, மணமாகாதவள் என எழுதினரா?