சுபேதார் ஆதல்: மதராஸ் சாப்பர் படையில் பதவி உயர்வு வரவேற்பு மரபு

பாளையம் என்னும் சொல் தமிழில் படை தங்குமிடத்தைக் குறிக்கும். பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள ஜோகுபாளையத்தின் அண்மையில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக ஒரு படை தங்கியுள்ளது. 1780இல் இரண்டு பயனியர் அணிகளாகச் சென்னை மாகாணத்தில் தோன்றி, 1831இல் ‘மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ எனப் பெயர் பெற்ற அப்படை, 1834இல் தன் தலைமையிடத்தைப் பெங்களூருக்கு மாற்றிக்கொண்டது. சாலை, பாலம், அரண், கண்ணிவெடி ஆகியவற்றோடு தொடர்புடைய பணிகளை ஆற்றும் இப்படையில், கீழ்நிலைப் படைவீரன் ஒருவன் அதிகாரி நிலைக்கு உயரும்போது அவனை வரவேற்கும் முறை சமூக வரலாற்று நோக்கில் ஆராயத்தக்கது.

பதவி பெற்றோரைச் சிறப்பித்தல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் வஞ்சித்திணையில் ‘மாராயம் பெற்ற நெடுமொழி’ என்றொரு துறையைக் கூறும். வேந்தனிடம் சிறப்புப் பெற்றமை பற்றிய மீக்கூற்று இது. ஏனாதி, காவிதி முதலிய பட்டங்களையும் ஊரும் நாடும் பெறுதலையும் நச்சினார்க்கினியர் இதன்கண் அடக்குவார். ஏனாதி என்பது படைத்தலைமைக்குரிய பட்டம். கம்பெனிப் படையில் இச்சொல்லுக்கு இடமில்லை. அவ்விடத்தில் பாரசீக, அரபுச் சொற்கள் அமர்ந்தன. ஹவால்தார் ‘பொறுப்பை உடையவன்’. ஜமேதார் ‘கூட்டத்தை உடையவன்’. சுபேதார் என்பவர் முகலாயர் ஆட்சியில் ஒரு மாநிலத்தையே ஆண்டவர். கம்பெனிப் படையிலோ ஓர் அணிக்குள் அடங்கியவர். சொல் அதுவே, அதிகாரம்தான் சுருங்கியது. ஆங்கிலச் சொற்களும் இவ்வாறே தமிழாயின. ‘கமாண்டன்ட்’ என்பதே மதுரைக் கதைப்பாடல் மரபில் கான்சாகிபுக்கு அடைமொழியான ‘கம்மந்தான்’ ஆயிற்று. 1764இல் தூக்கிலிடப்பட்ட அவரும் சுபேதார் நிலையிலிருந்து உயர்ந்தவரே.

உயர்வுக்கு எல்லையும் இருந்தது. முதிர்ந்த சுபேதாரும் நேற்று வந்த இளம் ஐரோப்பிய அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவரே. 1837இல் ஏற்படுத்தப்பட்ட ‘ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா’ விருது இந்திய அதிகாரிகளுக்குப் பகதூர், சர்தார் பகதூர் என்னும் பட்டங்களை அளித்தது; கட்டளையிடும் அதிகாரத்தை விரிக்கவில்லை. பட்டத்தைப் பெருக்கி அதிகாரத்தைக் குறுக்கியது ஆட்சித் தந்திரம் எனலாம்.

எனினும், பதவி பெற்றவனின் நிலையிலிருந்து நோக்கினால் வேறொரு பொருள் புலப்படும். சாப்பர் படையில் ஒடுக்கப்பட்ட சாதியினர், குறிப்பாகப் பறையர் பெருமக்கள், தொடர்ந்து இடம்பெற்று வந்தனர். ‘போர்க்குடி’க் கொள்கையால் சென்னை மாகாணக் காலாட்படை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, எஞ்சிய மதராஸ் ரெஜிமென்ட்டும் 1928இல் கலைக்கப்பட்டது, 1941இல்தான் மீண்டும் எழுப்பப்பட்டது. அவ்விடைக்காலத்திலும் சாப்பர் படை நீடித்தது. ஊரில் தெருவே விலக்கப்பட்ட ஒருவர் பெங்களூரில் ‘சாகிப்’ என்று விளிக்கப்பட்டார். கிராமச் சமூகம் தர மறுத்த மரியாதைச் சொல்லைப் பாசறை தந்தது. விடுப்பில் ஊர் திரும்பியபோது அச்சொல் தெருமுனை வரையேனும் உடன் வந்ததா என்பதே இவ்வுயர்வின் உண்மையான உரைகல்.

விடுதலைக்கு முன் ‘வைஸ்ராய் ஆணை பெற்ற அதிகாரி’ எனப்பட்டோர் பின்னர் ‘இளநிலை ஆணை பெற்ற அதிகாரி’ ஆயினர். 1965இல் ஜமேதார் என்னும் பெயர் நாயப் சுபேதார் என மாறியது. ஹவால்தார் ஒருவர் இந்நிலையை எய்தும் நாளில் நிகழும் சடங்கு சிறியது. கையிலிருந்த மூன்று பட்டைகள் நீங்கும். தோளில் விண்மீன் ஏறும். ஒரு தோளில் படைத்தலைவரும் மறுதோளில் சுபேதார் மேஜரும் அதனைப் பொருத்துவர். ஏனாதிப் பட்டம் வேந்தன் ஒருவனிடமிருந்தே வந்தது. இங்கோ ஆணை தரும் கையோடு, அடியிலிருந்து படிப்படியாக ஏறி வந்தவரின் கையும் சேர்கிறது. அரசு உயர்த்தினால் மட்டும் போதாது, முன்னோரும் ஏற்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள். அமெரிக்கக் கடற்படையில் 1893இல் உருவாக்கப்பட்ட ‘சீஃப் பெட்டி ஆபீசர்’ பதவிக்கு உயர்வோரையும் அந்நிலையினரே நங்கூரச் சின்னம் அணிவித்துத் தம்மோடு சேர்த்துக்கொள்வர். இனிப்பு வழங்கிய பின் புதியவர் இளநிலை அதிகாரிகளின் மெஸ்ஸினுள் அழைக்கப்படுகிறார். முதல் நாள் வரை உடனுண்ட தோழர்களைப் பிரிந்து வேறிடத்தில் உண்ணத் தொடங்குவதே இச்சடங்கின் கடினமான பகுதி. இதற்கெனத் தனிச் சின்னம் எதுவும் இல்லை.

ஆயினும் ஒரு சொல் அவரை விட்டு நீங்குவதில்லை. இப்படையினர் அனைவருக்கும் வழங்கும் பெயர் ‘தம்பி’. பாரசீகப் பதவிப் பெயர்கள் ஆளை ஆளினின்று பிரித்து நிறுத்த, தமிழ் உறவுப்பெயர் அவர்களை ஒருங்கு கட்டுகிறது. சுபேதாரும் தம்பியே.

செங்கற்பட்டு மாவட்டக் காஞ்சிபுரப் பகுதியிற் பிறந்து இப்படையில் சுபேதாரான சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தார். உடன் வந்த வீரர் ஒருவரின் காலடியில் கண்ணி இயங்கத் தொடங்கியது. அதன் ஓசை கேட்ட சுபேதார் அதன்மேல் பாய்ந்து தம் உடலால் மூடினார், உடனிருந்தோர் பிழைத்தனர். மறைவுக்குப்பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது.