பழைய துப்பாக்கிக்குப் புதிய உறுப்பு

மதுரை ஆரப்பாளையம் பக்கம் போகிறவர்கள் சிறிய லேத் பட்டறை ஒன்றின் முன் சற்று நின்று பாருங்கள். பழுதான தண்ணீர் பம்பு ஒன்று வருகிறது. பட்டறைக்காரர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "6204 பேரிங் ஒண்ணு வாங்கிட்டு வாங்கண்ணே" என்கிறார். கடைக்காரர் பம்பைப் பார்ப்பதில்லை. எண்ணைக் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறார். உள்விட்டம் 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47 மில்லிமீட்டர். எந்த நாட்டில் செய்தாலும் இதே அளவுதான். மாட்டினால் பொருந்திக்கொள்கிறது.

இதே பட்டறைக்கு, இருநூற்றைம்பது ஆண்டுப் பழமையான துப்பாக்கி ஒன்று அருங்காட்சியகத்திலிருந்து வருவதாக வைத்துக்கொள்வோம். அதில் குதிரை இல்லை. விசையை அழுத்தியதும் முன்னோக்கிப் பாய்கிற உறுப்பையே துப்பாக்கிக் குதிரை என்பார்கள். இதற்கு எண் கிடையாது. அதே கைவினைஞர் அதே ஆண்டில் செய்த இன்னொரு துப்பாக்கியின் குதிரையைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலும் பொருந்தாது. ஏன்?

ஆரப்பாளையத்துக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் கான்சாகிப் எனப்படும் யூசுப்கானின் கல்லறை இருக்கிறது. 1763, 1764 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆங்கிலேயக் கம்பெனிப் படையும் ஆர்க்காட்டு நவாபின் படையும் மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டன. தம்மவர்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்ட யூசுப்கான் 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். அன்றைய தமிழகப் போர்களில் இரண்டு வகைத் துப்பாக்கிகள் கலந்து வழங்கின. ஒன்று திரித்துப்பாக்கி. கனன்றுகொண்டிருக்கும் கயிற்றுத் திரியை ஒரு நெம்புகோல் கீழே இறக்கி மருந்தைப் பற்றவைக்கும். இதில் உறுப்புகள் மிகக் குறைவு. அரிவாளும் கலப்பைக் கொழுவும் அடிக்கும் கொல்லரே இதைப் பழுது பார்த்துவிடலாம். பாளையக்காரர்களின் வீரர்கள் நெடுங்காலம் இதைக் கைவிடாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. அது அறியாமை அன்று.

மற்றொன்று சக்கிமுக்கித் துப்பாக்கி. கம்பெனிச் சிப்பாய் ஏந்தியது இதுவே. இதன் குதிரை ஒரு கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும். அந்தக் கல் எஃகுத் தகடு ஒன்றை உரசும்போது தீப்பொறி பறக்கும். பொறி என்பது கல்லிலிருந்து வருவதன்று. கல் சுரண்டி எடுக்கும் நுண்ணிய எஃகுத் துணுக்குகளே காற்றில் எரிகின்றன. ஆகவே தகடு கடினமாக இருக்க வேண்டும். மென்மையான இரும்பானால் கல் உரசும், பொறி வராது. பழங்கால வேலையாட்கள் இரும்பை எலும்புக்கரி, தோல்கரி ஆகியவற்றோடு பெட்டியில் அடைத்துப் பழுக்கக் காய்ச்சி, மேற்பரப்பில் கரியை ஏற்றிப் பிறகு நீரில் தோய்த்துக் கடினமாக்கினார்கள். குதிரையை முடுக்கும் வில்லுக்கோ இதற்கு நேர்மாறான பக்குவம் தேவை. கடினம் கூடினால் ஒடிந்துவிடும். குறைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும்.

இவ்வளவு நுட்பமான கருவியை அளவுகோல் பார்த்துச் செய்யவில்லை என்பதுதான் வியப்பு! ஐரோப்பாவிலும் அப்படித்தான். மாதிரித் துப்பாக்கி ஒன்றைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் உறுப்பையும் அதன் பக்கத்து உறுப்போடு ஒப்பிட்டு அரத்தால் ராவிச் சேர்த்தார்கள். பொருந்திய உறுப்புகள் வேறு துப்பாக்கியின் உறுப்புகளோடு கலந்துவிடாமலிருக்க உளியால் சிறு வெட்டுக்குறிகள் இட்டார்கள். மதுரையை முற்றுகையிட்டவர்களின் துப்பாக்கி பழுதானாலும் அரம் பிடித்த ஒருவர் உட்கார்ந்துதான் சரிசெய்ய வேண்டியிருந்தது. இந்த விஷயத்தில் சீமைத் துப்பாக்கிக்குத் தனிப் பெருமை எதுவும் இல்லை.

மாற்றம் பிரான்சில் தொடங்கியது. ஒனொரே பிளாங் என்பவர் ஐம்பது துப்பாக்கிகளின் விசைப்பொறிகளைப் பிரித்துத் தட்டறைகளில் போட்டு வைத்திருந்தார். அமெரிக்கத் தூதராகப் பாரிசில் இருந்த தாமஸ் ஜெபர்சன் கைக்கு வந்த துண்டுகளை எடுத்துத் தாமே சிலவற்றைப் பூட்டிப் பார்த்தார். அருமையாகப் பொருந்தின. 1785 ஆகஸ்டில் இதைத் தம் நாட்டுக்குக் கடிதமாக எழுதினார். அமெரிக்காவில் எலி விட்னி 1801-இல் இதேபோன்ற காட்சி ஒன்றைத் தலைவர்கள் முன் நடத்திப் பெரும்புகழ் பெற்றார். அந்தப் புகழில் பாதி பொய். அவர் செய்த துப்பாக்கிகளைப் பிற்காலத்தில் பிரித்து ஆராய்ந்தபோது உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தவில்லை. பழைய வெட்டுக்குறிகளும் இருந்தன. உண்மையில் இதைச் சாதித்தவர்களுள் முதன்மையானவர் ஜான் ஹால். 1820-களில் ஹார்ப்பர்ஸ் பெர்ரி ஆயுதசாலையில் வெட்டும் இயந்திரங்களையும் ஏராளமான அளவுமானிகளையும் கொண்டு வேலை செய்தார். 1834-இல் சிமியன் நார்த் என்பவர் வேறோர் ஊரில் செய்த உறுப்புகள் ஹாலின் துப்பாக்கிகளில் சரியாக உட்கார்ந்தன. இங்கிலாந்தோ 1850-களில்தான் அமெரிக்க இயந்திரங்களை வாங்கி என்பீல்டு தொழிற்சாலையில் நிறுவியது. 1857-இல் நம் நாட்டையே குலுக்கிய என்பீல்டு துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அதற்கு முந்திய கைவேலைதான் என்பதைப் பலர் அறியார்.

நம் பக்கத்தில் கதை வேறு வழியில் போயிற்று. பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் வழிசெய்தது. 1878-இன் ஆயுதச் சட்டம் மேலும் இறுக்கியது. தன் கைப்பக்குவத்திலிருந்து அளவுமானிக்கு வளர்ந்து செல்லும் வாய்ப்பு நம் கொல்லருக்குக் கிட்டவேயில்லை. மாறிப் பொருந்தும் உறுப்புகளைக் கொண்ட துப்பாக்கிகள் தமிழகத்தில் பெரிய அளவில் தயாரானது 1966-இல் தொடங்கிய திருச்சிப் படைக்கலத் தொழிற்சாலையில்தான்.

இனி நம் பட்டறைக்குத் திரும்புவோம். காணாமற்போன குதிரைக்கு வரைபடம் கிடையாது. அது உட்கார்ந்திருந்த இடம்தான் வரைபடம். அச்சின் சதுர முனையை அளக்க வேண்டும். எஃகுத் தகட்டில் கல் கீறிய தழும்பைப் பார்த்து, குதிரையின் உயரத்தையும் வீச்சையும் கணக்கிட வேண்டும். இங்கே ஓர் ஆபத்து உண்டு. மைக்ரோமீட்டர் காட்டுவது செய்தபோதிருந்த அளவை அன்று. நூறாண்டு தேய்ந்த பின் மிச்சமிருக்கும் அளவை. எதை நகல் எடுப்பது? தேய்ந்ததையா, புதிதாக இருந்ததையா? கருவி இதற்கு விடை சொல்லாது.

திருகாணி அடுத்த தலைவலி. "நாலு நூல் போல்ட்" என்றால் அரை அங்குலம் என்று எந்தப் பட்டறைப் பையனுக்கும் தெரியும். ஆனால் திருகாணியின் புரிகளுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான அளவைப் பரிந்துரைத்தவர் ஜோசப் விட்வர்த், அது 1841-இல். அதற்கு முன் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு புரி. கடையில் கிடைக்கும் எந்த 'டேப்'பும் அதற்கு ஒத்துவராது. லேத்தில் பற்சக்கரங்களை மாற்றி மாற்றித்தான் நெருங்க வேண்டும். அந்தச் சக்கரங்களில் ஒன்றுக்கு 127 பற்கள். ஏன் இந்த விந்தையான எண்? ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஐந்து அங்குலம் 127 மில்லிமீட்டர். 127 பகா எண்ணாதலால் அதைவிடச் சிறிய சக்கரம் எதுவும் அங்குலத்தைத் துல்லியமாக மெட்ரிக்குக்கு மாற்றித் தராது. பழைய திருகாணி இரண்டிலும் அடங்காமல் போகலாம். நல்லவேளையாக அதில் சில புரிகளே கவ்வுகின்றன. ஆகவே சிறு பிழையை அது பொறுத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் தொழிலாகவே செய்யும் ஊர் இத்தாலியில் உண்டு. பிரெஸ்ஸியா அருகிலுள்ள கார்டோனேயில், 1950-களின் இறுதியிலிருந்து, பழைய கோல்ட் கைத்துப்பாக்கிகளின் நகல்கள் செய்யப்படுகின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கியபோது எழுந்த தேவை அது. அந்த நகல்களின் உறுப்புகள் தமக்குள் மாறிப் பொருந்துகின்றன! ஆனால் அசல் பழந்துப்பாக்கியில் மாட்டப்போனால் அரம் எடுத்தே ஆக வேண்டும்.

நம் நாட்டில் ஆர்வத்துக்காக யாரும் இந்த வேலையில் இறங்கிவிடக் கூடாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் உறுப்புகளும் ஆயுதமே. செய்யவும் பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும். பழுது பார்த்தாலும் சுட முடியாத தொல்பொருளுக்கே விலக்கு உண்டு. அருங்காட்சியகப் பொருளானால் குதிரை சுடுவதற்காக அன்று, கண்ணுக்கு வடிவம் காட்டுவதற்காகவே. அதற்கு எஃகும் தோய்ச்சலும் தேவையில்லை. பித்தளையிலோ மரத்திலோ செய்து வண்ணம் பூசினாலே போதும். பழைய உறுப்பைச் சுரண்டாமல், புதியதை மட்டுமே ராவிப் பொருத்த வேண்டும். பிறகு அதன் உட்புறத்தில், பார்வையாளருக்குத் தெரியாத இடத்தில், செய்த ஆண்டைச் சிறிதாகப் பொறித்து வைக்க வேண்டும். நாளை இதைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வாளர் வெட்டுக்குறியைத் தேடும்போது அந்த ஆண்டு அவர் கண்ணில் படும்.