ரோம் முதல் திருவதிகை வரை: குழாய் அடைப்பின் கதை

நெய்வேலியில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பின் திருவதிகைச் சொந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் வீடுகளுக்கும் வயதாகிவிட்டது. வீட்டுக்காரருக்கு ரத்தக்குழாயில் அடைப்பு, வீட்டுக்குத் தண்ணீர்க்குழாயில் அடைப்பு என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இது இன்று நேற்று வந்த சங்கடம் அல்ல. கி.பி. 97-இல் ரோம் நகரத் தண்ணீர் நிர்வாகத்துக்குப் பொறுப்பேற்ற ஃப்ரான்டினஸ், அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கால்வாயில் சேரும் கசடு ஓடுபோல இறுகி, தண்ணீரின் வழியைக் குறுக்கிவிடும் என்று அதில் சொல்கிறார். பராமரிப்பு வேலைக்கு மட்டும் 700 ஆட்கள் இருந்தார்கள். ஜெர்மனியின் கொலோன் நகருக்கு ரோமானியர் கட்டிய ஏறத்தாழ 95 கி.மீ. கால்வாயில் சுண்ணாம்பு கனமாகப் படிந்து கல்லாகவே ஆகிவிட்டது. பிற்காலத்தில் அதை வெட்டியெடுத்துத் தேவாலயங்களுக்குத் தூண் செய்தார்கள்!

நம் காலத்துக் குழாய் இரும்பு. உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கியெடுக்கும் முறைக்கு 1837-இல் பிரான்சில் சோரல் காப்புரிமை பெற்றார். அதுதான் நம் ஜி.ஐ. பைப். பிளாஸ்டிக் குழாய் பரவும்வரை வீடு கட்டியவர்கள் இதைத்தான் போட்டார்கள். துத்தநாகப் பூச்சு கரைந்ததும் உள்ளே துரு முடிச்சு முடிச்சாக வளரும். உள்விட்டம் பாதியானால் தண்ணீர் பாதியாவதில்லை. கால் பங்குக்கும் கீழே போய்விடும்.

நிலத்தடி நீரைப் பற்றி நெய்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றை இரவு பகலாக இறைத்துத்தான் 1961-இல் கரியைக் கண்டோம். பூமிக்குள்ளிருந்து வரும் தண்ணீர், தான் தொட்ட கல்லையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டுதான் வரும்.

ஆகவே, அடைப்பின் நிறத்தைப் பாருங்கள். ஷவரிலும் கீசரிலும் வெள்ளையாகப் படிந்தால் சுண்ணாம்பு. ஷவரைக் கழற்றி வினிகரில் ஊறவைத்தால் கரைந்துவிடும். காலையில் முதல் தண்ணீர் மட்டும் செம்பழுப்பாக வந்து பிறகு தெளிந்தால், அது பெரும்பாலும் குழாயின் துரு. தெளிவாகப் பிடித்த தண்ணீர் வாளியில் வைத்தபின் சிவந்தால், இரும்பு நிலத்தடி நீரிலேயே இருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் குழாயை மாற்றிப் பயனில்லை, வடிகட்டிதான் வேண்டும்.

துருப்பிடித்த குழாயில் ஆசிட் ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். துருவோடு மிச்சமிருக்கும் இரும்பையும் அது தின்றுவிடும். சுவருக்குள் ஒழுகினால் செலவு இரட்டிப்பு. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில், நம் வயதில், அது உயிருக்கே ஆபத்து.

ஒரு துண்டுக் குழாயை அறுத்து உள்ளே பாருங்கள். துளை பென்சில் அளவுக்குச் சுருங்கியிருந்தால் வைத்தியம் பார்க்காமல் மாற்றிவிடுவதே மேல். புதிய குழாயைச் சுவருக்கு வெளியே போடச் சொல்லுங்கள். அடுத்த முறை பிள்ளைகள் சுவரை உடைக்க வேண்டியிருக்காது.